ஆடிட்டர்களுக்கான இடர்காலச் சலுகை எழுதப்பட்ட விதியாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வருமான வரித் தணிக்கை அறிக்கையைத் தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30 என்பது வியாபாரம் செய்யும் எவருக்கும் தெரியும். இந்தியப் பட்டயக் கணக்காளர்கள் நிறுவனத்தின் உறுப்பினர்களான ஆடிட்டர்கள் தங்கள் ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்த வேண்டிய கடைசி நாளும் அதுவே என்பது தொழிலுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. வரித் தாக்கலுக்கு அரசு அவ்வப்போது அவகாசம் நீட்டிக்கிறது. 2025-ஆம் ஆண்டில் தணிக்கை அறிக்கைக்கான நாள் முதலில் அக்டோபர் 31 என்றும், பிறகு நவம்பர் 10 என்றும் தள்ளிப்போனது. ஊராருக்கு அவகாசம் கேட்டு மனுப் போடுகிற ஆடிட்டர், தனக்கே நோயோ வெள்ளமோ போன்ற ஒரு இடர் வந்து இந்தக் கட்டணத்தையோ கட்டாயத் தொடர் கல்வி மணிநேரத்தையோ தவறவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது, எந்தத் தாளை நீட்டுவது என்று தெரியாமல் நிற்கிற நிலையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகப் பொதுமக்களின் கவனத்துக்கும், எங்கள் தொழிலமைப்பின் கவனத்துக்கும் கொண்டுவரவே இக்கடிதம். நான் தூத்துக்குடி மாவட்டத்தில், கூட்டாளி யாரும் இல்லாமல் தனியாகத் தொழில் நடத்துபவன்.

முதலில், கட்டணம் தவறினால் வரும் பெயர் நீக்கம் என்றால் நடைமுறையில் என்ன ஆகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர்கள் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, கட்டணம் செலுத்தாத உறுப்பினரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வழி செய்கிறது. இறந்தவரின் பெயரை நீக்குவதும் அதே பிரிவின் கீழ்தான். பெயர் போனால் தொழில் நடத்தும் சான்றிதழும் போய்விடும்; அது இல்லாமல் எந்த உறுப்பினரும் தொழில் நடத்தக் கூடாது என்று 6-ஆவது பிரிவு சொல்கிறது. 2019-க்கு முன்பு இது பெரும்பாலும் காகிதத்தில் நடக்கும் விஷயமாக இருந்தது. இப்போது ஆடிட்டர் கையெழுத்திடும் ஒவ்வொரு சான்றுக்கும் அறிக்கைக்கும் யு.டி.ஐ.என். எனப்படும் 18 இலக்க எண்ணை இணையத்தில் உருவாக்க வேண்டும். சான்றிதழ் உயிரோடு இல்லாத உறுப்பினருக்கு அந்த எண் கிடைக்காது. எண் இல்லாத நிகர மதிப்புச் சான்றை வங்கி மேலாளர் வாங்கமாட்டார். எண் இல்லாத தணிக்கை அறிக்கையை வரித்துறை கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அன்றைய தினம் அலுவலகத்தில் கோப்புகள் இருக்கும், கட்சிக்காரர்கள் இருப்பார்கள், கையெழுத்துப் போடும் கையும் இருக்கும். கையெழுத்துக்கு மட்டும் மதிப்பு இருக்காது.

பாதிப்பு அந்த ஒருவரோடு நிற்பதும் இல்லை. அவரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் எனும் தொழிற்பயிற்சி பெறும் சி.ஏ. மாணவர்கள் வேறு ஆடிட்டரைத் தேடி மாற வேண்டியிருக்கும், ஏனென்றால் தொழில் நடத்தும் உரிமை உள்ளவரிடம்தான் அந்தப் பயிற்சி செல்லும். ஊரில் உள்ள சிறு அறக்கட்டளை, பள்ளி, கூட்டுறவுச் சங்கம், அரிசி மண்டி, உப்பளக்காரர் எல்லாரும் அவசரமாக இன்னொருவரைப் பிடிக்க வேண்டும். சென்னையில் ஒரு நிறுவனத்தில் பத்துக் கூட்டாளிகள் இருந்தால் ஒருவர் ஆறு மாதம் படுத்துக்கிடந்தாலும் மற்ற ஒன்பது பேரில் யாரோ ஒருவர் கையெழுத்திட்டுவிடுவார். அந்த மேலாளர், இந்த உதவியாளர் என்று கட்டணத்தை நினைவில் வைத்துச் செலுத்தவும் ஆள் இருக்கும். மாவட்ட ஊர்களில் தனியாகத் தொழில் நடத்துபவரின் இணையக் கடவுச்சொல் அவருடைய தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

இதற்கு எளிதாகக் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஆறு மாத அவகாசம் தருகிறோமே, அது போதாதா என்பது. நல்ல உடல்நிலையிலும் நல்ல வருமானத்திலும் இருப்பவருக்குத் தாராளமாகப் போதும். ஆனால் இத்தொழிலின் வரவு எந்த மாதத்தில் வருகிறது என்று பாருங்கள். ரிட்டர்ன் போட்டு முடித்த பிறகுதான் கட்சிக்காரர் ஃபீஸைப் பற்றி யோசிப்பார். அதுவும் தீபாவளிக்குப் பிறகு என்பார், பொங்கலுக்குப் பிறகு என்பார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலம் உழைப்பு மிகுந்து வரவு குறைந்த காலம். அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு பைபாஸ் அறுவை சிகிச்சையோ, மனைவிக்கோ கணவருக்கோ புற்றுநோய்ச் சிகிச்சையோ வந்துவிட்டால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துக் கட்ட வேண்டிய தொகை பெரிதோ சிறிதோ, அதைப் பற்றி நினைக்கும் மனம் அங்கே இருக்காது. அப்படி விடுபட்டவரும், வேலைக்குப் போய்விட்டதால் இனி வேண்டாம் என்று தாமாகவே விட்டவரும் பதிவேட்டில் ஒரே காரணத்துக்காக நீக்கப்பட்டவர்களாகவே நிற்கிறார்கள். மீண்டும் சேர விதிகளில் இடம் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. நிலுவையோடு கூடுதல் கட்டணமும் செலுத்தி விண்ணப்பிக்கலாம். இடரில் விழுந்தவரிடம் எழுந்து வந்ததற்காகக் கூடுதல் கட்டணம் கேட்பது முறைதானா என்பதே என் கேள்வி.

இந்த ஆண்டுக் கட்டணம் ஃபெல்லோ எனும் மூத்த உறுப்பினரா, அசோசியேட் எனும் தொடக்கநிலை உறுப்பினரா, தொழில் நடத்தும் சான்றிதழ் உண்டா இல்லையா, வயது என்ன என்பவற்றைப் பார்த்து மாறுகிறது. வருமானத்தைப் பார்த்து மாறுவதில்லை. பெருநகரத்தின் பெரிய நிறுவனக் கூட்டாளியும், சான்றிதழ் வாங்கிய முதல் ஆண்டில் வாடகை அறையில் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் இளைஞரும், இருவரும் அசோசியேட் என்றால், ஒரே தட்டில் வைக்கப்படுகிறார்கள். வழக்கறிஞர் தொழிலில் பதிவுக் கட்டணம் பற்றி உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று அளித்த தீர்ப்பு இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது. வழக்கறிஞர்கள் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான 125 ரூபாய்க்கும் மேல் மாநில பார் கவுன்சில்கள் பதிவின்போது பல்வேறு பெயர்களில் ஆயிரக்கணக்கில் வசூலித்து வந்ததைத் தவறு என்ற நீதிமன்றம், அது நலிந்த பிரிவினரின் தொழில் செய்யும் உரிமையைத் தடுக்கிறது என்றது. எங்கள் கட்டணம் சட்டத்துக்கு உட்பட்டதுதான், இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் ஒரு தொழிலமைப்பு வைக்கும் கட்டணம் வெறும் கணக்குத் தலைப்பு இல்லை, அது தொழிலின் வாசற்படியும்கூட என்ற அந்தப் பார்வை எல்லாத் தொழிலமைப்புகளுக்கும் பொருந்தும்.

கட்டணத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, தொழில் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள உறுப்பினர் கட்டாயம் முடிக்க வேண்டிய தொடர் கல்வி மணிநேரக் கணக்கு. 60 வயதுக்கு உட்பட்டுத் தொழில் நடத்தும் உறுப்பினர் மூன்றாண்டுகளில் 120 மணிநேரம் முடிக்க வேண்டும்; அதில் ஒவ்வொரு காலண்டர் ஆண்டிலும் குறைந்தது 20 மணிநேரத்தை நேரடியாகவோ இணையவழியிலோ நடக்கும் அங்கீகரிக்கப்பட்ட வகுப்புகளில் கழித்திருக்க வேண்டும். இந்தக் கணக்கின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதில்லை. டிசம்பர் 31-இல் முடிகிறது. செப்டம்பர், அக்டோபர் முழுவதும் தாக்கல் வேலையில் போய்விடுவதால், விடுபட்ட மணிநேரங்களை நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் ஓடி ஓடி முடிப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். டில்லியிலோ ஜெய்ப்பூரிலோ உட்கார்ந்து பார்த்தால் டிசம்பர் குளிர்காலத்தின் தொடக்கம். வங்கக் கடலோரத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது வெள்ளக் காலம்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் புரட்டிப் போட்டது. அடுத்த இரு வாரங்களில், 17, 18 தேதிகளில், எங்கள் பக்கம் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணிக் கரையோர ஊர்களில் அலுவலகம் வைத்திருந்தவர்களின் கோப்பு அலமாரிகளில் கீழ் இரண்டு தட்டுகள் சேற்றில் ஊறின. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்பேசிக் கோபுரங்கள் இல்லை. அந்த நாள்களில் ஒருவரிடம் போய், வகுப்புகள் இணையவழியில் கிடைக்கின்றனவே என்று சொல்ல முடியுமா?

அரசு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2015-இல் கம்பெனி விவகார அமைச்சகம், நிறுவனங்களின் ஆண்டறிக்கைத் தாக்கலுக்குத் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் மட்டும் தனியாக 2016 ஜனவரி 30 வரை அவகாசம் தந்தது. 2023-இல் மிக்ஜாம் பாதித்த சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் வணிகர்களுக்கு நவம்பர் மாத ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நாள் டிசம்பர் 20-இலிருந்து 27-க்குத் தள்ளப்பட்டது. திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களுக்கு அது 2024 ஜனவரி 10 வரை நீண்டது. இந்தப் பின்னைய அறிவிப்பு வந்ததே ஜனவரி 5-ஆம் தேதிதான். அதாவது கெடு முடிந்து இரு வாரங்களுக்குப் பின் வெளியிட்டு, டிசம்பர் 20 முதலே செல்லும் என்றார்கள். இவற்றில் எந்த வணிகரும் தன் கடைக்குள் தண்ணீர் வந்த புகைப்படத்தை இணைத்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. மாவட்டத்தின் பெயர் பட்டியலில் இருந்தது, அவ்வளவே. வரி வாங்குவதில் கறாரானது என்று பெயர் பெற்ற துறையே இப்படி நடந்துகொள்கிறதென்றால், உறுப்பினர்களால் உறுப்பினர்களுக்காக நடத்தப்படும் ஒரு தொழிலமைப்பு அதைவிடக் குறைவாக நடந்துகொள்ளக் காரணம் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் நிறுவனமும் கட்டணத்துக்கும் தொடர் கல்விக்கும் கெடுவைத் தளர்த்தியது. அதற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தத் தளர்வு நாடு முழுவதும் முடங்கியதால் வந்தது. ஐந்து மாவட்டங்கள் மட்டும் முடங்கும்போது அறிவிப்பு வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலை இருக்கக் கூடாது. பேரிடர் காரணமாக வரித்துறையோ கம்பெனி விவகார அமைச்சகமோ ஒரு மாவட்டத்துக்கு அவகாசம் அறிவித்தால், அம்மாவட்ட உறுப்பினர்களின் கட்டணக் கெடுவும் கல்வி மணிநேரக் கெடுவும் தாமாகவே, அறிவிப்பு எதுவும் தேவைப்படாமல், நீண்டுவிடும் என்று ஒரே ஒரு விதி எழுதினால் போதும்.

தனிப்பட்ட இடர்களின் விஷயம் இதைவிடச் சிக்கலானது. விலக்கே இல்லை என்று சொல்ல முடியாது. கர்ப்ப காலத்தை முன்னிட்டுப் பெண் உறுப்பினருக்கு ஒரு காலண்டர் ஆண்டுக்குத் தொடர் கல்வியிலிருந்து விலக்கு உண்டு. உடல் குறைபாடு, நீண்டகால நோய் போன்றவற்றில் விண்ணப்பத்தைப் பரிசீலித்து விலக்குத் தரும் அதிகாரமும் உண்டு. ஆனால் இந்த ஒரு காலண்டர் ஆண்டு என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் குழந்தை பெறுபவருக்கு அது சரியாகப் பொருந்தும். நவம்பர் கடைசியில் குழந்தை பெறுபவருக்கு? கர்ப்பகால ஆண்டுக்கு விலக்குக் கிடைத்துவிடும், ஆனால் அந்த ஆண்டின் பெரும்பகுதியில் அவர் வகுப்புகளுக்குப் போய்விட்டிருப்பார். கைக்குழந்தையோடு இரவு தூக்கம் இல்லாமல் இருக்கும் அடுத்த ஆண்டு, முழுக் கணக்கோடு ஜனவரி 1 அன்று தொடங்கிவிடும். சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்களுக்கு 2017 திருத்தத்துக்குப் பின் 26 வார விடுப்பு சட்டப்படி இருக்கிறது. அது குழந்தை பிறந்த நாளை ஒட்டி எண்ணப்படுகிறதே ஒழிய காலண்டரை ஒட்டி அல்ல. தனியாகத் தொழில் நடத்தும் பெண்ணுக்கு அந்த விடுப்பைத் தர முதலாளி என்று யாரும் இல்லை. பிரசவ நாளிலிருந்து முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு மாதங்களை அவரே தேர்ந்துகொள்ளலாம் என்று மாற்றினால் நிறுவனத்துக்கு ஒரு பைசா செலவில்லை. இப்போதைய விதியைக் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்கமாட்டார்கள். எழுதிய அறையில் பச்சை உடம்புக்காரி யாரும் இருந்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

விண்ணப்பித்துப் பெறும் சலுகைகளில் பொதுவாக மூன்று தடைகள் இருக்கின்றன. முன்னிரண்டும் ஆதாரமும் நேரமும். இடரில் இருப்பவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், இடரில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும், தானே இணையத்தில் நுழைந்து செய்ய வேண்டும் என்றால், பக்கவாதம் வந்து பேச்சு இழந்தவர் என்ன செய்வார்? அவருடைய மகளோ, அதே ஊரில் உள்ள இன்னொரு ஆடிட்டரோ அவர் சார்பில் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும். கெடு முடிந்த பிறகும் ஓராண்டு வரை அந்தக் கடிதம் செல்ல வேண்டும். முடிவு வரும் வரை பெயர் நீக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும். இந்த நிறுத்திவைப்பு முக்கியமானது. ஏனெனில் பெயர் போய்ப் பிறகு திரும்பினாலும், இடையில் போன கட்சிக்காரர்கள் திரும்புவதில்லை.

ஆதாரத்தைப் பற்றி நம் உச்ச நீதிமன்றமே இதே நிறுவனத்தை வைத்து ஒரு வழி காட்டியிருக்கிறது. 2021 ஜூலையில் நடக்கவிருந்த சி.ஏ. தேர்வில், கொரோனாவால் எழுத முடியாதவர்கள் வாய்ப்பை இழக்காமல் விலகிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்கு ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனை அறிக்கை கேட்கப்பட்டது. ஜூன் 30 அன்று நீதிமன்றம், பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரின் சான்று போதும், பரிசோதனை அறிக்கையை வற்புறுத்த வேண்டாம் என்றது. தேர்வர் மட்டுமல்ல, அவருடைய குடும்பத்தில் ஒருவர் பாதிக்கப்பட்டிருந்தாலும் பொருந்தும் என்றது. மாணவருக்கு ஏற்ற இந்த அளவுகோல் உறுப்பினருக்கும் ஏற்றதே. நோயாளியைப் பராமரிப்பவரும் நோயின் பிடியில் இருப்பவர்தான் என்பதை நம் வீடுகளில் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது தடை யாரும் வெளியே பேசாதது: ஊர் வாய். ஒரு மாவட்ட ஊரில் ஐம்பது அறுபது ஆடிட்டர்கள்தான் இருப்போம். கிளைக் கூட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிவோம். ‘ஆடிட்டருக்கு உடம்பு முடியலையாம்’ என்ற ஒரு பேச்சு பஜாரில் கிளம்பினால் அடுத்த வாரமே கோப்பை வாங்கிக்கொண்டு போக ஆள் வந்துவிடும். மனச்சோர்வுக்கோ குடிநோய்க்கோ சிகிச்சை பெறுபவர் என்றால் சொல்லவே வேண்டாம். இந்த அச்சத்தால் விண்ணப்பிக்காமலே பெயரை இழக்கச் சம்மதிப்பவர்கள் உண்டு. ஆகவே இத்தகைய விண்ணப்பங்கள் உள்ளூர்க் கிளையைத் தொடாமல் போக வேண்டும். நோயின் பெயரைக் கேட்காமல், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை தொழில் செய்ய இயலாத நிலை என்று மருத்துவர் எழுதினால் போதும் என்றிருக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்கிற நான், எல்லாவற்றையும் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்கவில்லை. இந்த இடத்தில் எங்கள் சங்கத்து நண்பர்கள் சிலரோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம்; படிப்பைத் தள்ளுபடி செய்யக் கூடாது, தள்ளிவைக்கத்தான் வேண்டும். ஆடிட்டரின் கையெழுத்தை நம்பிக் கடன் கொடுக்கும் வங்கிக்கும், பங்கு வாங்கும் சாமானியருக்கும், அந்தக் கை இடையில் எவ்வளவு துன்பப்பட்டது என்பது தெரியாது, தெரியவும் தேவையில்லை. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் 2025-ஆம் ஆண்டின் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அமைந்தது. பிரிவு எண்களே மாறிவிட்டன. அப்படிப்பட்ட ஓராண்டில் படுக்கையில் இருந்தவர் எழுந்து வந்து பழைய ஞாபகத்தில் கையெழுத்திட்டால் பாதிக்கப்படுவது கட்சிக்காரர்தான். எனவே விடுபட்ட 20 மணிநேரத்தை அடுத்த 18 மாதங்களில் முடித்துக்கொள் என்பதே நியாயம். அந்த இடைக்காலத்தில் தணிக்கை அறிக்கைகளில் மட்டும் கையெழுத்திடாமல் மற்ற வேலைகளைச் செய்யலாம் என்ற நிபந்தனை வைத்தாலும் நான் ஏற்பேன்.

எங்களுக்கென்று 1962 முதல் ஒரு நலநிதி இருக்கிறது. துன்பத்தில் இருக்கும் உறுப்பினர்களுக்கும், மறைந்தவர்களின் மனைவி மக்களுக்கும், பெற்றோருக்கும் அது உதவுகிறது. அதன் சேவையைக் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் சலுகை பற்றிப் பேச்செடுத்தாலே, நலநிதிதான் இருக்கிறதே என்று பதில் வருவது பொருந்தாது. நலநிதி கொடுப்பது பணம். இங்கே கேட்பது காலமும் இடமும். மருத்துவச் செலவுக்கு உதவித்தொகை பெற்றவர் குணமாகித் திரும்பும்போது பதிவேட்டில் தன் பெயரைக் காணவில்லை என்றால் அந்த உதவி பாதியில் நின்றுவிட்டது என்றே பொருள்.

வெளிநாட்டு அமைப்புகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்பது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியும், ஏனென்றால் சென்னையில் அந்தச் சான்றிதழ்களை வைத்திருப்பவர்கள் ஏராளம். பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கணக்காளர் அமைப்பான ஏ.சி.சி.ஏ., வருமானம் குறைந்தவர்களுக்கும், நோயால் வேலை செய்ய இயலாதவர்களுக்கும், குடும்பத்தாரைப் பராமரிக்கத் தொழிலைவிட்டு நிற்பவர்களுக்கும் குறைந்த சந்தா வைத்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பத் தணிக்கைக்கான சி.ஐ.எஸ்.ஏ. சான்றிதழிலும் ஆண்டுக்கு 20, மூன்றாண்டுக்கு 120 என்று கிட்டத்தட்ட நம்முடைய அதே மணிநேரக் கணக்குதான். ஆனால் தொழிலில் இல்லாத நிலை என்று ஒரு தனி நிலை அங்கே உண்டு. வேலையிழந்தவர் சான்றிதழையும் இழக்காமல் அந்த நிலையில் ஒதுங்கி நின்று, பிறகு திரும்பலாம். அந்த அமைப்புகளை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. இது நடக்காத காரியம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

பொய்க் காரணம் சொல்லிப் பலர் நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சமும் எழும். இதற்கு என் பதில் சுருக்கமானது: பொய்ச் சான்று கொடுப்பது தொழில் ஒழுங்கீனம், அதை விசாரிக்க எங்களிடம் ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுதோறும் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, சராசரியாக எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பெயர்கள் இல்லாமல் வெளியிட்டால் சந்தேகம் இரு பக்கமும் தீரும். பிறருடைய கணக்கை வெளிப்படையாக வைக்கச் சொல்லும் தொழில் இது.

தென்னிந்தியாவுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி மரபும் இருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளரான ஆர். சிவபோகம் அம்மையார் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், அக்காலத்து அரசுக் கணக்கியல் டிப்ளமோவான ஜி.டி.ஏ. தேர்வில் 1933-இல் தேறினார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்யத் தடை இருந்ததால், அதை எதிர்த்து வழக்காடி வென்ற பிறகே அவரால் தொழில் தொடங்க முடிந்தது. பதிவேட்டில் பெயர் ஏறுவதற்காகவே போராடிய அவர், பிற்பாடு 1955 முதல் 1958 வரை இந்நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். எங்கள் மண்டலக் கூட்டங்களில் அவர் பெயரைச் சொல்லத் தவறுவதில்லை. முதல் பெண் என்று சொல்வதோடு நிறுத்திவிடுகிறோம். பதிவு விதி ஒன்றை எதிர்த்து வழக்காடி வென்றவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

நாடெங்கும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பில் விதி மாற்றம் ஒரே இரவில் நடக்காது என்பதை அறிவேன். விதிமுறைத் திருத்தங்களுக்கு மத்திய அரசின் ஒப்புதலும் தேவைப்படும். ஆனால் தொடர் கல்விக்கான விலக்குகள் நிறுவனத்தின் மன்றமே தீர்மானித்து மாற்றக்கூடியவை. பிரசவ ஆண்டைப் பற்றிய திருத்தத்தையும், பேரிடர் மாவட்டங்களுக்கான தானியங்கி நீட்டிப்பையும் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கொண்டுவந்துவிடலாம். கட்டணத்துக்கான குறைந்த வருமானப் படிநிலையும், பெயர் நீக்கத்தை நிறுத்திவைக்கும் ஏற்பாடும் அடுத்த கட்டணச் சுற்று தொடங்கும் ஏப்ரல் 1-க்கு முன் வரைவாகவாவது உறுப்பினர்களின் கருத்துக்கு வைக்கப்பட வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து மத்திய மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் உறுப்பினர்கள் இதை நிகழ்ச்சி நிரலில் ஏற்ற வேண்டும் என்றும், கம்பெனி விவகார அமைச்சகத்தின் கவனத்துக்கு இதைக் கொண்டுசெல்லத் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் உதவ வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதத்தை வெளியிட இடமளிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பட்டயக் கணக்காளர்,
தூத்துக்குடி மாவட்டம்.